கிழக்குச் சுவரில் பிற்பகல் வெயில்

ஆல்டர் ஏரி, மின்னசோட்டா
மே 14

அன்புத் தம்பி டெல்மருக்கு,

அண்ணன் ஓர்வில் எழுதுவது. இங்கே நான் சுகம், ஆர்டிஸ் சுகம், வீட்டில் மூன்று சுவர்கள் சுகம். அங்கே நீயும் ஜீனும் உங்கள் நான்கு சுவர்களும் சுகமாயிருக்க வேண்டுமென்பதே எங்கள் விருப்பம். உன் கடிதம் வந்து சேர்ந்தது. ஃபார்கோ காற்றில் உன் வீட்டு வெளிச்சுவர் மரப்பலகையின் பெயிண்ட் செதில் செதிலாக உரிந்து பக்கத்து வீட்டுக்காரரின் சூப்பில் விழுகிறது என்றும், ஜீன் பிளாஸ்டிக் பலகைதான் போட வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள் என்றும், "நீதான் போன வருஷம் வீட்டைச் சுத்திப் போட்டியே அண்ணே, எது நல்லதுன்னு ஒரு வரி எழுது" என்றும் கேட்டிருந்தாய். ஒரு வரி எழுதலாமென்றுதான் நானும் உட்கார்ந்தேன்.

முதலில் மரத்தை நான் ஏன் கைவிட்டேன் என்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அண்ணனுக்கு வயசாகிப் புத்தி பிசகிவிட்டது என்று நினைப்பாய். முப்பத்தொரு வருடம், கோடைக்கு ஒரு சுவராக, தேவதாருப் பலகைகளைச் சுரண்டி, தேய்த்து, இரண்டு பூச்சு வெள்ளை அடித்திருக்கிறேன். பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவனுக்குக் கோடையில் வேறென்ன வேலை என்பது ஆர்டிசின் கட்சி. வடக்கில் தொடங்கி நான்கு பக்கமும் சுற்றி வருவதற்குள் வடக்குச் சுவர் மறுபடி கையை நீட்டிக்கொண்டு நிற்கும். ஏணியிலிருந்து லைலாக் புதருக்குள் மூன்று தடவை விழுந்திருக்கிறேன். நான்காவது தடவை புதர் இல்லாத பக்கம். இதையெல்லாம் பொறுத்தேன். போன வருடம் வசந்தத்தில் ஒரு மரங்கொத்தி வந்தது. எங்கள் படுக்கையறைச் சுவரைத் தேர்ந்தெடுத்து, விடியற்காலை ஐந்து மணிக்கு வேலையைத் தொடங்கும். பளபளவென்று ஏதாவது தொங்கவிட்டால் பயந்து ஓடிவிடும் என்று இரும்புக்கடைக்காரர் சொன்னதை நம்பி, ஆர்டிசின் கேக் தட்டுகளில் ஆறை ஓட்டை போட்டுக் கூரை ஓரமாகத் தொங்கவிட்டேன். மரத்தைக் கொத்தினால் டொக் டொக் என்றுதான் கேட்கும், தட்டைக் கொத்தினால் ஏரிக்கு அக்கரை வரை கேட்கும் என்பதை அந்தப் பறவை ஒரே காலையில் கண்டுபிடித்துவிட்டது. மறுவாரம் அந்தச் சத்தத்தில் மயங்கி ஒரு பெண் மரங்கொத்தி வந்தது. அப்புறம் குடும்பமாகக் கொத்தினார்கள்.

அந்த நிலைமையில்தான் ஆகஸ்டில் ஆலங்கட்டி மழை பெய்தது. கட்டிகள் புல்வெளியில் உருகி முடியவில்லை, ட்ராய் என்கிற ஆள் வாசலில் நிற்கிறான். முப்பது வயதிருக்கும், வாய் நிறையப் பல், கையில் பெட்டி. எங்கள் சுவரைத் தடவிப் பார்த்தான், டாக்டர் மாதிரி உதட்டைப் பிதுக்கினான்.

"சார், மரம் போட்டா வீடு உங்களுக்கு வேலை வைக்கும். வினைல் பிளாஸ்டிக் போட்டா வீடு உங்களுக்கு வேலை செய்யும். பராமரிப்புங்கற வார்த்தையவே நீங்க மறந்துடலாம். வாழ்நாள் உத்தரவாதம்."

"யாரோட வாழ்நாள்?" என்று கேட்டாள் ஆர்டிஸ்.

"வீட்டுக்காரரோடது மேடம்."

ஆர்டிஸ் என்னைத் தலையிலிருந்து கால்வரை ஒரு தடவை பார்த்தாள். "அப்ப ரொம்ப நாளைக்கு இல்ல" என்றாள்.

பெட்டியிலிருந்து நாற்பத்திரண்டு துண்டுகள் எடுத்து சோபாவில் பரப்பினான். ஓட்ஸ் கஞ்சி, மான்குட்டி, ஈர மணல், பழைய முத்து, பனிமூட்டக் கூழாங்கல் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். நாற்பத்திரண்டும் ஒரே நிறம். ஆர்டிஸ் அவற்றைக் காலை வெளிச்சத்தில் ஒரு வரிசை, மாலை வெளிச்சத்தில் ஒரு வரிசை என்று ஒன்பது நாள் மாற்றி மாற்றி அடுக்கினாள். நாங்கள் அத்தனை நாளும் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்தே டிவி பார்த்தோம். கடைசியில் என் அபிப்பிராயத்தைக் கேட்டாள். நான் நிதானமாகப் பார்த்து, இதுதான் வீட்டுக்குக் கௌரவமாக இருக்கும் என்று ஒன்றைத் தொட்டுக் காட்டினேன். அது பெட்டியின் அடி அட்டையாம். அதோடு என் வாக்குரிமை போனது. ஆர்டிஸ் அத்தனையையும் ஒதுக்கிவிட்டு, 'புயல் நீலம்' என்று கறுப்புக்கு ஒரு படி கீழே இருக்கும் ஒரு நிறத்தை ட்ராயின் மாதிரிப் புத்தகத்திலிருந்து எடுத்தாள். செப்டம்பரில் நான்கே நாளில் போட்டு முடித்துவிட்டார்கள். ட்ராய் கை குலுக்கிவிட்டு முப்பத்தாறு பக்கத்தில் ஒரு புத்தகம் கொடுத்தான். தலைப்பு, 'உங்கள் பராமரிப்பில்லாச் சுவரைப் பராமரிப்பது எப்படி'. வருடம் இரண்டு தடவை மென்மையான பிரஷ்ஷால் கழுவ வேண்டும், கீழிருந்து மேலாகத்தான் கழுவ வேண்டும், மேலிருந்து கீழாகத்தான் அலச வேண்டும், பாசி பிடித்தால் வினிகர், தண்ணீரை வேகமாகப் பீய்ச்சக் கூடாது, பக்கத்தில் இறைச்சி சுடக் கூடாது, இலேசாகச் சாயலாம், அழுத்திச் சாயக் கூடாது. என் கல்யாணத்துக்குக் கூட இத்தனை நிபந்தனை கிடையாது டெல்மர்.

பக்கத்து வீட்டு வெண்டெல் வந்து பார்த்தான். வெண்டெலை உனக்குத் தெரியும், நீ வந்திருந்தபோது உன் தூண்டிலில் சிக்கிய மீனைத் தன்னுடையது என்று சாதித்தவன். கைகளைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு நீலச் சுவரை நெடுநேரம் பார்த்தான். "வித்தியாசமா இருக்கு" என்றான். நம்ம ஊரில் அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆர்டிஸ் இரண்டு நாள் சாப்பிடவில்லை.

அதன் பிறகு அக்டோபரில் வெண்டெலின் மனைவி மார்லிஸ் தவறிப்போனாள், அது உனக்கு எழுதியிருந்தேன். நவம்பரில் அவன் வீட்டு மாடியில் எங்கள் பக்கம் பார்த்த மாதிரி பெரிய புது ஜன்னல் ஒன்று வைத்தார்கள். நல்ல இரட்டைக் கண்ணாடி. குளிர்காலம் முழுக்க மேகம், யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை.

மார்ச் முதல் வாரம், வானம் வெளுத்தது. மதியம் மூன்று மணிக்கு ஆர்டிஸ் குப்பை கொட்டப் போனவள் வாசலிலிருந்தே கத்தினாள்.

"ஓர்வில்! சூரியன் எந்தப் பக்கம் மறையும்?"

"மேற்குல."

"அப்ப கிழக்குச் சுவத்துல அதுக்கு என்ன வேலை? வந்து பாரு!"

போய்ப் பார்த்தேன். பிற்பகல் மூன்று மணிக்கு நிழலாயிருக்க வேண்டிய கிழக்குச் சுவரில், பஸ் முகப்பு விளக்கு அடித்த மாதிரி ஒரு வெளிச்சம். அந்த வெளிச்சத்துக்கு நடுவில் எங்கள் புயல் நீலம் உருகி வழிந்துகொண்டிருந்தது. ஐந்து பலகைகள், ஒவ்வொன்றும் நடுவில் தொய்ந்து, பல் கட்டாத கிழவன் சிரிக்கிற மாதிரி சிரித்தன. வெளியே பனி முழங்கால் உயரம், சுவரில் கை வைத்தால் சுடுகிறது. நான் முதலில் எலி என்றேன். பிறகு துணி உலர்த்தும் மிஷினின் வெப்பக் குழாய் என்றேன். ஆர்டிஸ், கர்த்தர் ஏதோ சொல்ல வருகிறார் என்றாள். ட்ராயை வரவழைத்தேன். அவன் சுவரைப் பார்க்கவே இல்லை, திரும்பி நின்று வெண்டெல் வீட்டு மாடியைப் பார்த்தான்.

"சார், அது புது ஜன்னலா?"

"ஆமா."

"அப்ப இது சுவர்ப் பிரச்சினை இல்ல சார், ஜன்னல் பிரச்சினை. முப்பத்தோராம் பக்கம் பாத்தீங்களா?"

பார்த்தேன், பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். அயல் பொருள்களிலிருந்து திரும்பி வரும் வெயிலுக்கு வாழ்நாள் உத்தரவாதம் பொருந்தாது என்று எறும்பு எழுதின மாதிரி எழுதியிருந்தது. ஜன்னல் செய்த கம்பெனிக்கு எழுதினேன். தங்கள் கண்ணாடி வெயிலைத் திருப்பி அனுப்புவதாகச் சொல்லித்தான் விற்கப்பட்டது, சொன்னபடியே செய்கிறது, பாராட்டுக்கு நன்றி என்று பதில் வந்தது. இன்ஷூரன்ஸ்காரர்களுக்கு எழுதினேன். எதிர்பாராத சம்பவங்களுக்கு மட்டுமே ஈடு உண்டு, சூரியன் எதிர்பாராத சம்பவமல்ல என்று எழுதிவிட்டார்கள். மின்னசோட்டாவில் மார்ச் மாதம் சூரியன் எதிர்பாராத சம்பவமில்லையாம்! இவர்கள் எந்த ஊரில் உட்கார்ந்து எழுதுகிறார்கள்?

மிச்சமிருந்தது வெண்டெல்தான். வெளியே மெல்லிய கறுப்பு வலை ஒன்று மாட்டினால் ஜன்னல் வெயிலைத் திருப்பி அனுப்பாது என்று ட்ராய் சொல்லியிருந்தான். அதைக் கேட்க வேண்டும், அவ்வளவுதான். ஆர்டிஸ் ருபார்ப் கேக் செய்து கையில் கொடுத்தாள். போனேன். ஏரியில் பனிக்கட்டி எவ்வளவு கனம் என்று பேசினோம். அவன் லாரியின் கார்புரேட்டரைப் பற்றிப் பேசினோம். பாதிரியாரின் முதுகுவலியைப் பற்றிப் பேசினோம். முக்கால் மணி நேரம் ஆனது. எழுந்து, கோட்டு மாட்டி, தொப்பி வைத்து, கதவுப் பிடியில் கை வைத்த பிறகுதான் எனக்கு வாய் வந்தது.

"அந்த மாடி ஜன்னல்... நல்ல ஜன்னல்."

"ஆமா."

"வெயில் பட்டா நல்லாப் பளபளங்குது."

"ஆமா."

"என் சுவர் உருகுது வெண்டெல்."

"அப்படியா."

"ஒரு வலை மாட்டினா சரியாப் போகுமாம். நானே வாங்கி நானே மாட்டிடறேன், நீ ஏணியப் புடிச்சாப் போதும்."

அவன் கேக்கைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "அது மார்லிஸ் ஜன்னல்" என்றான். கதவை மெதுவாகச் சாத்தினான். அறைந்திருந்தால் பரவாயில்லை, மெதுவாகச் சாத்தினான்.

இரண்டு நாள் கழித்துப் பனி கொட்டியது. இருபது வருடமாக வெண்டெல் தன் மிஷினால் இரண்டு வீட்டு வழியையும் சேர்த்தே பனி தள்ளுவான், பதிலுக்குக் கோடையில் நான் அவன் புல்லையும் வெட்டுவேன். அன்று காலை பார்க்கிறேன், எல்லைக் கோட்டில் கத்தி வைத்து நறுக்கின மாதிரி நிறுத்தியிருக்கிறான். அவன் பக்கம் தரை தெரிகிறது, என் பக்கம் இடுப்பளவு. ஊரெல்லாம் அந்தக் கோட்டைப் பார்த்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் காபி நேரத்தில் அவன் ஜன்னலோரம் நின்றான், நான் கேக் மேஜையோரம் நின்றேன். நடுவில் இருந்தவர்களெல்லாம் வானிலையைப் பற்றி வழக்கத்தைவிட மூன்று மடங்கு பேசினார்கள். ஆர்டிஸ் மட்டும் வீட்டுக்கு வந்ததும், "சுவருக்காகவா ஒரு மனுஷன விடப்போற?" என்றாள். "நான் எங்க விட்டேன், அவன்தான் விட்டான்" என்றேன். "ரெண்டு பேரும் நல்லா இருக்கீங்க" என்றாள். அதுவும் 'வித்தியாசமா இருக்கு' போலத்தான்.

இதற்கிடையில் சுவர் சும்மா இருக்குமா? வெயில் நாள்தோறும் இரண்டரைக்கு வரும், நான்கு மணிக்குப் போகும். முதல் வாரம் படுக்கை விரிப்பைத் தொங்கவிட்டோம், காற்று அதை ஏரிக்குக் கொண்டுபோனது. அப்புறம் நானே ஒரு நாற்காலி போட்டு, குடை பிடித்துக்கொண்டு, சுவருக்கும் சூரியனுக்கும் நடுவில் உட்கார்ந்தேன். நான் ஓட்டிய பழைய பஸ்ஸின் புது டிரைவர் எங்கள் வீடு வந்ததும் வேகத்தைக் குறைப்பாள், நாற்பது பிள்ளைகள் கையசைப்பார்கள். பதினெட்டாம் தேதி யோசனை வந்தது. உறைந்த ஏரியின் மேல் மீன் பிடிக்கப் போட்ட மீன்குடிலை, பனிக்கட்டி இளகுமுன், மார்ச் நடுவில் எல்லாரும் இழுத்து வந்துவிட வேண்டும் அல்லவா? எனக்கும் வெண்டெலுக்கும் பொதுவில் ஒன்று உண்டு, நாங்களே ஆணியடித்தது, எட்டடி உயரம், இரண்டு பெஞ்சு, ஒரு அடுப்பு. சண்டையில் அதை யாரும் தொடவில்லை. நான் லாரியில் கட்டி இழுத்து வந்து, நேராகக் கிழக்குச் சுவரோடு ஒட்டி நிறுத்தினேன். வெயில் வந்தது, குடிலில் மோதியது, நின்றது. அன்று மாலை காபி இனித்தது.

மறுநாள் இரண்டு மணிக்கு வெண்டெல் வந்தான், கையில் காபி பிளாஸ்க்.

"அதுல பாதி என்னோடது."

"இல்லைன்னு யாரு சொன்னா?"

"எம் பாதில நான் உக்காரப் போறேன்."

"உக்காரேன்யா."

உட்கார்ந்தான். அவன் பாதியில் நான் கால் நீட்டக் கூடாதே என்று நானும் போய் என் பாதியில் உட்கார்ந்தேன். மீன் இல்லை, பனிக்கட்டியில் போட்ட ஓட்டை இல்லை, ஏரியே இல்லை, இரண்டு கிழவர்கள் மரத்தரையைப் பார்த்துக்கொண்டு நான்கு மணி வரை உட்கார்ந்திருந்தோம். இப்படி ஐந்து நாள். ஆறாம் நாள் தரையைப் பார்த்தபடியே அவன் பேசினான்.

"கடைசி நாலு மாசம் அவளால கீழ எறங்க முடியல. மாடில இருந்து பாத்தா பழைய ஜன்னல் வழியா ஒண்ணுமே தெரியாது, பாதி மரச்சட்டம். பெரிசா ஒண்ணு வேணும், ஏரி தெரியணும்னா. அவளே புத்தகத்தப் பாத்து அளவு சொல்லி எழுதிப் போட்டா. அது வந்து சேர்ந்தப்ப அவளப் பொதச்சு ரெண்டு வாரம்."

நான் பிளாஸ்க்கிலிருந்து அவன் கோப்பையை நிரப்பினேன்.

"வலை போட்டா ஏரி மங்கலாத் தெரியும் ஓர்வில்."

"போட வேணாம்" என்றேன்.

"ஏரி மட்டுமா பாப்பா? நடமாட்டமா இருந்தப்ப உன்னையும் பாப்பா. நீ பெயிண்ட் டப்பாவோட ஏணில ஏறினாப் போதும், சமையக்கட்டு ஜன்னல்ல இருந்து கத்துவா, 'வெண்டெல், சீக்கிரம் வா, ஓர்வில் விழப்போறான்!' ஒவ்வொரு கோடையும் இதே கூத்து. பிளாஸ்டிக் வந்தப்பறம் பாவம், பாக்க ஒண்ணுமில்லாமப் போச்சு."

டெல்மர், நான் முப்பத்தொரு வருடம் வீட்டைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு விழுந்ததெல்லாம் ஒரு பொம்பளைக்குச் சிரிப்பாக இருந்திருக்கிறது. கேட்டபோது எனக்குக் கோபம் வரவில்லை. மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டேன். அடுப்புப் புகை என்று சொன்னேன். அடுப்பு பற்ற வைக்கவில்லை என்று அவனும் சொல்லவில்லை.

இத்தோடு நல்லபடியாக முடிந்திருக்கலாம். ஏப்ரலில் ஊராட்சி அலுவலகத்து லவோன் அளவு நாடாவோடு வந்தாள். வீட்டுச் சுவரை ஒட்டி அனுமதியில்லாமல் கட்டடம் எழுப்பியிருப்பதாக யாரோ எழுதிப் போட்டிருக்கிறார்களாம்.

"இது என்ன கட்டடம் ஓர்வில்?"

"கட்டடமில்ல, மீன்குடில்."

"ஏரி அங்க இருக்கு."

"இது சுவர்ப் பராமரிப்பும்மா" என்றான் வெண்டெல். "இது பராமரிப்பில்லாச் சுவர். அதான் நாங்க பராமரிக்கிறோம்."

லவோன் படிவத்தில் தேடினாள். கொட்டகை என்று எழுதினால் எல்லையிலிருந்து பத்தடி தள்ளி இருக்க வேண்டும். வாகனம் என்றால் சக்கரம் வேண்டும். நாய்க்கூண்டு என்றால் நாய் வேண்டும். உள்ளே வந்து உட்கார்ந்து ஒரு காபி குடித்துவிட்டுக் கடைசியில் 'தோட்ட அலங்காரப் பொருள்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். குள்ள பொம்மை, சிமெண்ட் வாத்து வரிசையில் சேர்கிறதாம். ஆகவே உன் அண்ணன் இப்போது தினம் ஒன்றரை மணி நேரம் சட்டப்படி ஒரு அலங்காரப் பொருளுக்குள் உட்கார்ந்திருக்கிறான். போன வாரம் எல்லைக் கோட்டின் மேலேயே ஒரு ஸ்ப்ரூஸ் மரக்கன்று நட்டிருக்கிறோம். வெயிலை மறைக்கும் உயரம் வர இன்னும் பன்னிரண்டு வருடமாம். எனக்கு அறுபத்தொன்பது, வெண்டெலுக்கு எழுபத்திரண்டு. அதுவரை இரண்டு பேரும் சாகக் கூடாது என்று பேசி வைத்திருக்கிறோம்.

ஆகவே தம்பி, நீ கேட்ட ஒரு வரி இதுதான்: பிளாஸ்டிக் போடாதே. ஜீன் அழுதாலும் போடாதே. வாய் நிறையப் பல்லோடு சிரிக்கிறவன் வாசலில் நின்றால் விளக்கை அணைத்துவிட்டுத் தரையில் படுத்துக்கொள். மரம் உரிந்தால் சுரண்டு, பூசு, ஏணியில் ஏறு, விழு, எழுந்திரு. இது உன்னைவிட நான்கு வருடம் முன்னால் பிறந்து, நான்கு சுவரில் ஒன்றைப் பறிகொடுத்த அண்ணனின் கட்டளை.

ஜீனுக்கு எங்கள் அன்பு. ஆர்டிஸ் கேக் செய்முறை தனியாக வைத்திருக்கிறாள். உன் கூரை ஒழுகாமல், உன் முழங்கால் வலிக்காமல், உன் வீட்டுக்கு எதிரே யாரும் புது ஜன்னல் வைக்காமல் ஆண்டவர் காக்கட்டும்.

இப்படிக்கு உன் மேல் அக்கறையுள்ள அண்ணன்,
ஓர்வில்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது பலகைக் கம்பெனியிலிருந்து ஒரு அம்மாள் போன் செய்தாள். எந்த வெயிலுக்கும் அசையாத புது ரகம் ஒன்று வந்திருக்கிறதாம். வீட்டுச் சுவர் மாற்றும் எண்ணத்தில் இருக்கிற உறவினர் ஒருவரின் பெயரும் விலாசமும் கொடுத்தால் எங்கள் கிழக்குச் சுவரை இலவசமாக மாற்றித் தருவார்களாம். உன்னுடையதைக் கொடுத்துவிட்டேன். ட்ராய் வியாழக்கிழமை பத்து மணிக்கு உன் வீட்டுக்கு வருவான், நல்ல பையன், காபிக்குச் சர்க்கரை போடமாட்டான். மேலே எழுதியதை அதற்குள் கிழித்துவிடு, ஜீன் கண்ணில் பட வேண்டாம். பதிலில் வெண்டெலுக்கு நீ இரண்டு வரி எழுதினால் ஒன்றை மட்டும் மறந்துவிடாதே: புதுச் சுவருக்கும் வெயில் ஆகாது, குடில் இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும் என்று அவனிடம் சொல்லப் போகிறேன்.